தணிகாசலத்துக்கும் ஆமென்

என் வீட்டுக்காரர் ஜெபதாஸ் திருத்தணிச் சபையின் உபதேசியார். ஆராதனைக்கு யாராவது முதல்முறையாக வந்துவிட்டால் போதும், காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் அவருக்கு. வியாதியா, அரக்கோணம் ரயில்வேயில் வேலைக்குச் சிபாரிசா, மிஷன் ஊற்றும் கஞ்சியா? நானும் லேசுப்பட்டவள் இல்லை. 1944இல் குப்பம்மாள் வந்து கதவோரம் உட்கார்ந்தபோது, கஞ்சிக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

குப்பம்மாள் நாற்று நடுகிற கூலிக்காரி. ஆராதனை முடிந்ததும் நேராக என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

"ஐயா, சண்டைக்குப் போனவங்க பேரெல்லாம் படிச்சு ஜெபம் பண்றீங்களாமே. என் புள்ளையும் பர்மா பக்கம் போயிருக்கான். எட்டு மாசமா கடுதாசி இல்ல. அவன் பேரையும் படிங்க."

"பேர் என்னம்மா?"

"தணிகாசலம்."

அவர் முகம் சுருங்கியது. மலைமேல் இருக்கும் சாமியின் பெயரைச் சபையில் எப்படிப் படிப்பது? "தானியேல்னு படிக்கிறேன்" என்றார்.

"நல்லா இருக்குதே! தானியேல்னு கூப்ட்டா எவனோ ஒரு தானியேல்தான் வருவான். என் புள்ள எப்படி வருவான்?"

"அப்ப மலைக்கே போய்க் கேளு."

"அங்கயும் கேட்டுகினுதான் இருக்கேன். கிருத்திகை தவறாம ஏறுறேன். இங்கயும் கேப்பேன். பெத்தவ நானு, யார்கிட்ட வேணா கேப்பேன்!"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் எங்கள் மகன் ஜெயபால். அவனிடமிருந்தும் கடிதம் இல்லை.

அடுத்த ஞாயிறும் வந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொன்னது. படித்து முடித்து என் வீட்டுக்காரர் தாளை மடித்தார். குப்பம்மாள் எழுந்தாள்.

"தணிகாசலம்!"

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. முன்வரிசையில் யாரோ கனைத்தார். மறுபடியும் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்! எழுந்துவிட்டேன்.

"இவங்க புள்ளைக்கு ஆமென் சொல்லமாட்டீங்கன்னா, என் ஜெயபாலுக்குச் சொன்னதையும் திருப்பி வாங்கிக்குங்க. எனக்கு வேணாம்!"

என் வீட்டுக்காரர் முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில் அவர்தான் கண்ணைத் தாழ்த்தி, "தணிகாசலம்" என்றார். சபை ஆமென் சொன்னது, அரைமனதாகத்தான்.

வெளியே குப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க புள்ள பேர் ஜெயபாலுங்களாம்மா? நாளைக்கு மலை ஏறுறேன். அங்க அவர் பேரையும் சொல்லட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் காதில் விழும்படியே சொன்னேன்: "சத்தமா சொல்லுங்க."