தலையில் அடி பட்டிருக்கிறதா என்று கேட்டார்

கணவரை விட்டு வந்து, மதுக்கரைப் பக்கம் தனியாக ஒரு வீடு எடுத்தபின் பேக்கரியில் வேலை கிடைத்தது. வருகிறவர்கள் கேட்பதை உள்ளே சொல்ல வேண்டும். நாலு பேர் சேர்ந்து வந்தால் முதல் ஆள் கேட்டது எனக்கு மறந்துவிடும்.

"ஏனுங்க அம்மணி, நாங் கேட்டது காபிங்க. டீயக் குடுக்கறீங்க?"

கோபமாகச் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே கூச்சமாக இருக்கும். ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். மதியத்துக்குள் தலை வெடிக்கும். கண்ணாடி மாற்றியும் குறையவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். என்னைவிடச் சின்னப் பெண்.

"எப்பவாச்சும் தலையில அடி பட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க. வண்டியில கிண்டியில உளுந்ததே இல்லீங்க."

"ஊட்ல யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க. ஊட்டுக்காரர விட்டுப்போட்டு வந்துட்டனுங்க."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பாருங்களா?"

"ம்."

"தலையிலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைமுடியைப் பிடித்து பீரோவில் மோதுவதை அடிபட்டதாக நான் நினைத்ததே இல்லை. அது வீட்டில் நடக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை அடுப்படியில் கண் விழித்தபோது சோறு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. எப்போது விழுந்தேன் என்று தெரியவில்லை. பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டு மறுபடி உலை வைத்தேன். அதையும் சொன்னேன்.

"திரும்பத் திரும்ப அடி பட்டதுல மூளை குலுங்கியிருக்குதுங்க. அதுலதான் இந்த மறதி, தலைவலியெல்லாம். ஸ்கேன்ல தெரியாமலும் போகலாம். நீங்க மக்குமில்லை, சோம்பேறியுமில்லைங்க," என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சத்தியமங்கலத்தில் இருக்கும் தங்கையை அழைத்தேன். முழுவதையும் கேட்டாள்.

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சேக்கா. இப்ப எதுக்குக் கிளறிட்டு இருக்கறே? மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கு."

அவளைக் குறை சொல்ல முடியாது. முடிந்துபோனது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பேக்கரி முதலாளியம்மாவிடம் மட்டும், தலையில் பழைய அடி என்று சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. "அப்ப உள்ள பேக்கிங் பாருங்க கண்ணு, அங்க லைட்டும் கம்மி," என்றார். இப்போது பின்னறையில் பன்களை உறையில் போடுகிறேன். தலைவலி குறைந்திருக்கிறது. பகலெல்லாம் யாரோடும் பேச வேண்டியதில்லை.

வார்த்தைகள் மட்டும் இன்னும் தொலைகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை டீயைக் கொதிக்க வைத்து இறக்கியபின், அதை வடிக்கிற சாமானின் பெயர் வரவில்லை. கையில்தான் வைத்திருந்தேன். வீட்டில் இன்னொருவர் இருந்தால் தூக்கிக் காட்டி, இதுக்கு என்ன பேரு என்று கேட்கலாம். டீ ஆறட்டும் என்று அப்படியே நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தது. வடிகட்டி. ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.