நான் எரிந்து விழுந்த நாட்கள்

கற்பிட்டியில் டொல்பின் காட்டப் படகு ஓட்டுகிறவர்களில் என்னைவிடப் பெரிய பொய்யன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சீருடை போட்ட ஓர் அதிகாரிக்கு முன்னால் என் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று, இனி மறைத்து என்ன?

பெயர் கிளைட்டன், வயது நாற்பத்தாறு. அப்பா மீன் பிடித்தார். நானும் பிடித்தேன், ஆனால் என் வலையில் விழ மீன்களுக்கு அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும் வலையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, ஆறு லைஃப் ஜாக்கெட்டோடு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டேன். பிடிக்கத் தேவையில்லை, காட்டினால் போதும். எனக்கென்றே செய்த வேலை.

நாலு வருடத்துக்கு முன் கௌசல்யா வந்தாள். பல்கலைக்கழகத்தில் திமிங்கிலம், டொல்பின் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. படகுக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தாள். திகதி, இடம், எத்தனை டொல்பின், எத்தனை திமிங்கிலம் என்று தினமும் எழுத வேண்டும். ஒன்றும் தென்படாவிட்டால் ‘காணவில்லை’ என்று எழுத வேண்டும். எங்கள் சங்கத் தலைவர் தாஹிர் நானா அந்தக் கொப்பியைக் கிழித்து எஞ்சின் துடைத்தார். மற்றவர்கள் தொலைத்தார்கள். நான் மட்டும் உறை போட்டு, ஆட்கள் படகேறுகிற கொட்டிலில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். எந்த மடையனாவது கடை வாசலில் ‘காணவில்லை’ என்று எழுதித் தொங்கவிடுவானா? ஆகவே ஒன்றும் காணாத நாளில் நூற்றைம்பது என்று எழுதினேன். மனம் நன்றாக இருந்தால் இருநூறு.

வீட்டில் மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சும்மா போய்ச் சும்மா வந்த நாளில் என் மனைவி டயனாமேல் எரிந்து விழுவேன். தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு, சம்பலில் உப்பில்லை, என் செருப்பை யார் நகர்த்தியது என்று தொடங்குவேன். காரணத்தைச் சொல்ல மாட்டேன். கடலெல்லாம் தேடியும் ஒரு டொல்பினைக் காணவில்லை என்று பெண்சாதியிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

போன வருடம் மார்ச்சில் தூரக் கடலில் மூன்று சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல்கள் பயிற்சிக்கு வந்து ஒன்பது நாள் நின்றன. இரண்டாம் நாள் கடல் தட்டையாகக் கிடந்தது, ஒரு டொல்பின் செட்டைகூட இல்லை. எஞ்சினை நிறுத்தி, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். நீண்ட விசில் ஒன்று மெல்ல உயர்ந்து நின்றது. பிறகு மறுபடியும் அதே விசில். என் பல் கூசியது. நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகக் கப்பல்கள் அனுப்பும் சோனார் ஒலி அது என்று பிறகு கௌசல்யா சொல்லித்தான் தெரியும். காதால் வழி கண்டு, காதால் இரை தேடுகிற பிராணிகளுக்கு அந்தச் சத்தத்தில் குடியிருக்க முடியாதாம். தலையைத் தூக்கினேன். என்ன என்று கேட்ட வெள்ளைக்காரியிடம், “அவை நித்திரை” என்றேன். கரைக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: டொல்பின் 300, திமிங்கிலம் 4. ஏன் நாலு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

எங்கள் கடலில் ஒரு பெண் திமிங்கிலம் இருந்தாள். வாலின் வலது பக்கத்தில் கடித்தெடுத்தது போல ஒரு வெட்டு. என் மாமியாரைப் போல, என்னைக் கண்டதும் வாலைக் காட்டிவிட்டுத் தாழ்ந்துவிடுவாள் என்பதால் மாமி என்று பெயர் வைத்திருந்தேன். அந்த வருடம் குட்டியோடு வந்திருந்தாள். கப்பல்கள் வந்த பிறகு இரண்டையும் காணவில்லை. ஆட்கள் வராத நாளிலும் அவளைத் தேடிப் போனேன். ஆனால் வீட்டில் வாயைத் திறந்தால் சம்பலில் உப்பில்லை என்பதுதான் வெளியே வந்தது.

அதே வருடம் நவம்பரில் கௌசல்யா மறுபடி வந்தாள். வருகிற மார்ச்சிலும் அதே இடத்தில் பயிற்சியாம். திமிங்கிலப் பாதையை விட்டுத் தள்ளி வையுங்கள் என்று கேட்க ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். “அண்ணா, உங்கட கொப்பி மட்டும்தான் மிஞ்சியிருக்கு” என்று கேட்டு வாங்கிப் போனாள். இரண்டு நாளில் போன் எடுத்தாள்.

“அண்ணா, வருசத்திலயே டொல்பின் ஆகக் கூடுதலா நிண்டது அந்தக் கப்பல் நிண்ட ஒன்பது நாளும்தானாம். உங்கட கொப்பியைக் காட்டினா, சோனார் டொல்பினுக்கு நல்லதெண்டு முடிவு வரும்.”

நான் கதிரையில் குந்திவிட்டேன். மாமியைத் துரத்தியவர்களுக்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று டயனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அலுமாரியைத் திறந்து அந்த வருடத்துக் கோயில் கலண்டரை எடுத்து வந்தாள். நாட்களுக்கு மேல் சிவப்புப் பேனையால் சிலுவைக் குறிகள்.

“என்ன இது?”

“நீங்க எரிஞ்சு விழுந்த நாள். வீடு மந்திரிக்க வாற பாதரிட்ட ஒரு நாளைக்குக் காட்டுவமெண்டு வச்சிருந்தன்.”

கௌசல்யா அதை, தான் கடலுக்குப் போன சில நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் எதையும் காணாத நாளிலெல்லாம் குறி இருந்தது. அவள் டொல்பின் கண்ட நாளில் ஒரே ஒரு குறி பிழையாக விழுந்திருந்தது. அன்று கிரிக்கெட்டில் தோற்றிருந்தோம்.

ஆனால் அந்தக் குறிகளுக்கு அர்த்தம் என்னவென்று யாராவது எழும்பிச் சொல்ல வேண்டுமே. சங்கக் கட்டடத்தில் கூட்டம்; கடற்படையிலிருந்து சீருடையோடு ஓர் அதிகாரி வந்திருந்தார். டயனா பூசைக்குக் கட்டுகிற சேலையில் வந்து முன் வரிசையில் இருந்தாள். நான் எழும்பி, கொப்பி முழுக்கப் பொய், கலண்டர்தான் உண்மை, குறி போட்ட நாளெல்லாம் நான் மனைவியை ஏசிய நாள் என்றேன். சபை சிரித்தது. தாஹிர் நானா பின்னாலிருந்து, “நீ எழுதின டொல்பினெல்லாம் வந்தா கடல்ல தண்ணிக்கு எடமே ஈக்காதுன்னு நான் அப்பவே சென்னேன்” என்றார். எனக்குக் காது சுட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. கலண்டரை வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: “கப்பல்கள் ஒன்பது நாளில் போய்விட்டன. அதற்குப் பிறகும் இருபத்தொரு நாள் குறி இருக்கிறதே. அப்போது ஏன் மனைவியை ஏசினீர்கள்?”

 வாயில் வந்ததைச் சிங்களத்திலேயே சொன்னேன்.

“அவை திரும்பி வரேல்ல சேர்.”

பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் கலண்டரைப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடற்படையிடமிருந்து கடிதம் வந்தது. இந்த முறை பயிற்சி திமிங்கிலப் பாதைக்கு வெளியே, தூரத்தில் நடக்கும் என்றிருந்தது. இந்த முறைக்கு மட்டும்தான். அடுத்த முறைக்கும் நான் போய் மானம் கெடத் தயார்.

இப்போது கொட்டிலில் புதுக் கொப்பி தொங்குகிறது. முதல் பக்கத்திலேயே ‘காணவில்லை’. படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், ஆனாலும் படகில் ஏறுகிறார்கள். டொல்பின்கள் வந்துவிட்டன. மாமியைத்தான் இன்னும் காணவில்லை.

நேற்று வீட்டுக்குப் போனபோது டயனா கேட்டாள்: “இண்டைக்கும் மாமி வரேல்லையா?”

“இல்லை.”

தேத்தண்ணி தந்தாள். சீனி கூடத்தான். ஒரு வார்த்தை பேசாமல் குடித்து முடித்தேன். அவளோ சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு கலண்டருக்குப் போனாள்.

“நான் ஒண்டும் ஏசேல்லையே” என்றேன்.

“இது உங்களுக்கில்ல,” என்று குறியைப் போட்டாள், “மாமிக்கு.”