இரவல் போன காபரேட்டர்

மகனின் மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ சாமான் வர இரண்டு நாளாகுமாம். தொலைபேசியில் கடைக்காரனிடம் அவன் துள்ளிய துள்ளலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கை துடைத்துப் போட்ட துணியில் வீசிய பெற்றோல் மணம் அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கொம்பனி ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத எழுபதுகளில், கிளச் பிளேட் இல்லாமல் அப்பாவின் மோட்டார் சைக்கிள் அங்கே மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தது. போய்க் கேட்டால் மனேஜருக்கு ஒரே பாட்டுத்தான்: "கப்பல் வரட்டும் மாஸ்டர்." எங்கள் ஊரில் கப்பலுக்கா பஞ்சம்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம், இதுதான் எங்கள் கப்பலாக்கும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது கோதுமையை இறக்கிவிட்டுப் போய்விடும். அவ்வளவு பெரிய மடையன் நான்!

வாத்தியாரான அப்பா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடுவார். மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது அம்மாவுக்குத்தான். நிலாவெளிப் பக்கத்துக்கு அம்மாதான் மருத்துவிச்சி. யாருக்காவது பிள்ளைப்பேற்று நோவு கண்டால் அப்பா ஓட்ட, பெட்டியை மடியில் வைத்தபடி பின்னால் ஏறிப் போவார்.

அந்தக் கொம்பனியில் ஒரு வழக்கம். காத்துக் கிடக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரு சாமானைக் கழற்றி, வேறொருவருடையதை ஓட வைப்பார்கள். உடையவர் சம்மதித்தால் சரி. நிலாவெளி மீன் யாவாரி ரஹீம் நானா அதற்காக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், உங்கட சைக்கிள் சும்மாதானே நிக்குது. காபரேட்டரை இரவலாத் தாங்கோ. மீனெல்லாம் அழுகுது."

"கொண்டுபோங்கோ நானா. பிளேட் வந்தாப்போல தந்தாச் சரி."

பிளேட்டும் ஒருநாள் வந்தது. காலையிலேயே பூட்டிவிட்டார்கள். காபரேட்டர்தான் இல்லை.

"நானா மீனோட கந்தளாய்க்குப் போயிட்டார் மாஸ்டர். வந்த உடன கழட்டுவம்" என்றார் மனேஜர்.

அன்று மத்தியானம் நிலாவெளியிலிருந்து அம்மாவைத் தேடி ஆள் வந்தது. நோவு கண்டிருந்தது ரஹீம் நானாவின் மனைவிக்கு. அப்பா வாடகைக் காருக்கு அலைந்தார், ஒன்றும் அகப்படவில்லை. அம்மா பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் பஸ் வந்து அவர் போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சில நாள் கழித்து நானா வந்தார். சாக்குத் துண்டில் சுற்றிய காபரேட்டரைக் கதிரையில் வைத்தார்.

"இந்தாங்கோ மாஸ்டர், உங்கட சாமான்."

குசினி வாசலில் நின்று அம்மாதான் சொன்னார்: "நான் வந்தனான் நானா. பிந்தித்தான் வந்தனான்."

"ஓம் அம்மா, தெரியும்."

பாவி மனிசன், எங்களை ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அப்பா பிறகு கொம்பனிப் பக்கமே போகவில்லை. காபரேட்டர் சாக்குத் துண்டோடு அலுமாரிக்கு அடியில் கிடந்தது. பின்னாளில் கலவரத்தில் ஊரை விட்டு ஓடியபோது அலுமாரியோடு அதையும் விட்டுவிட்டு வந்தோம். இப்போது அந்தக் கொம்பனியும் இல்லை, நானாவும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை.

'ரெண்டு நாள்தானேடா, பொறுத்தா என்ன' என்று மகனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஏலவில்லை.