இருபது நிமிட ஆங்கிலம்

முன்னறையிலிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பால் பொங்கி வருவதைக்கூடக் கவனிக்காமல் ஷெரின் அடுப்படியில் அப்படியே நின்றாள். அப்பா போன பிறகு அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

"ஆமாங்க ஆன்ட்டி. எங்க பூர்வீகம் இங்கிட்டுத்தான்னு அப்பா சொல்லுவாரு."

அந்தக் குரலை ஷெரினுக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும். அது இருமினால் தெரியும், பெருமூச்சு விட்டால் தெரியும், பொய் சொல்வதற்கு முன்னால் லேசாக இழுப்பதும் தெரியும். ஆனால் அந்தக் குரல் தமிழில் பேசி இன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

ஷெரினுக்கு முப்பத்து மூன்று வயது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதில் அவள் கை அவ்வளவு மெது. வார்டில் அழுகிற பிள்ளைகள்கூட "அந்த அக்காதான் போடணும்" என்று அடம் பிடிக்கும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அயர்லாந்து, இங்கிலாந்து என்று பறந்துவிட்டார்கள். இவள் மட்டும் அதற்கு எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு தடவையும் பேச்சுப் பகுதியில் சறுக்கி விழுந்தாள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காசு கொடுத்து வகுப்புக்குப் போக ஷிஃப்ட் வேலை விடவில்லை. அதனால் செல்போனே வாத்தியாரானது. யூடியூபில் ஒருவர், போனின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள் என்றார். மாற்றினாள். மறுநாள் விடிகாலை அலாரத்தை நிறுத்தத் தெரியாமல் அம்மா வியாகுலமேரி போனைத் தலையணைக்கு அடியில் புதைத்துவிட்டுப் படுத்தாள். இன்னொரு பெண், செய்தி வாசிப்பவர் கூடவே நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். சொன்னாள். "யாரு கூட ஆத்தா காலங்காத்தால சண்டை போடுற?" என்று எட்டிப் பார்த்தாள் அம்மா. சமைக்கும்போது ஒவ்வொரு பொருளையும் ஆங்கிலத்தில் பேர் சொல்லி எடு என்றார்கள். அதையும் செய்தாள். கத்தரிக்காயும் கரண்டியும் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டன. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் டெலிகிராமில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தியது. இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார். தினமும் சாயங்காலம் இருபது நிமிடம் பேச வேண்டும். தமிழ் கூடாது. சொந்தப் பேர் கூடாது. ஊர்ப் பேரும் கூடாது. "எந்த ஊர் என்று கேட்டீர்களோ, அடுத்த வார்த்தை தமிழில்தான் வரும். பிறகு யார் வீடு, யார் உறவு என்று போய்விடுவீர்கள். ஆங்கிலம் அம்போவென்று நிற்கும்" என்பார் அந்த ஆசிரியை. எல்லாருக்கும் பழத்தின் பேர். ஷெரின், லெமன். அவளுக்கு ஜோடியாக வந்தவன், ஜாக்ஃப்ரூட்.

முதல் நாள் இருவரும் சேர்ந்து பேசியதைவிட மௌனமாக இருந்ததே அதிகம். கடைசியில் அவன், "லெமன், நான் பயப்படுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "நானும்" என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நெஞ்சில் ஒரு கதவு திறப்பதற்கு அந்தச் சிரிப்புப் போதாதா?

குழுவில் விளையாட்டுகள் தருவார்கள். ஒருவர் தன் வீட்டை வர்ணிக்க, மற்றவர் அதைக் கேட்டே படம் வரைய வேண்டும். ஷெரின் தன் வாடகை வீட்டைச் சொன்னாள். நீலக் கேட். கேட்டருகே ஒல்லியாக ஒரு பப்பாளி மரம். மாடியில் மூடி உடைந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அவன் வரைந்து அனுப்பிய படத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் சொல்லவே இல்லை. தான் எங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்று காற்றுச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டானே என்று அவளுக்குச் சிலிர்த்தது.

இன்னொரு விளையாட்டு, ஒரு விஷயத்தை அதன் பேரைச் சொல்லாமலே விளக்குவது. ஒரு நாள் அவன் சொன்னான். "சாயங்காலம் ஆனால் நான் முகம் கழுவுகிறேன். தலை சீவுகிறேன். என்னை யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும் செய்கிறேன். இது என்ன? சொல், லெமன்."

ஷெரினுக்கு விடை தெரியும். அவளும்தான் மாடிக்கு ஏறுமுன் புடவையை மாற்றிக்கொண்டு ஏறுகிறாள். தொண்டை வரை வந்தது. ஆனால் "தெரியவில்லை, பாஸ்" என்றாள். தெரியாதபோது சொல்ல அந்த விளையாட்டில் இருந்த வார்த்தை அது. அவன், "சரி, இந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும். பிறகு கேட்கிறேன்" என்றான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த இருபது நிமிடம் யாருக்கும் மகளாகவும் இல்லாமல், யாருக்கும் உறவாகவும் இல்லாமல் அவள் தன் இஷ்டத்துக்கு இருந்த நேரம் அல்லவா.

போன ஈஸ்டர் சமயத்தில்தான் விதி உடைந்தது. சிறு வயதில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று விளையாட்டு. மின்விளக்குப் போட்ட தேர், அதன் மேல் உயிர்த்த ஆண்டவரின் சுரூபம், வடம் பிடிக்கிற கூட்டம் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். "என் அப்பா கூட்டத்துக்குள் போகவில்லை. தூரத்தில் நின்று பார்த்து அழுதார். ஏன் என்று சொல்லவில்லை" என்றான்.

"அது ஆவூர்த் தேரா?" என்று கேட்டுவிட்டாள் ஷெரின். அவளுடைய சொந்த ஊர் அதுதான்.

ஆமாம் என்றான். அவன் பேர் ஃபிரெடி. மணமேல்குடியில் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். அதே மாவட்டம், அதே வேதம். தன் அதிர்ஷ்டத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை. அவன் அப்பா ஏன் அழுதார் என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுமா?

அவனைப் பற்றிச் சொன்னபோது அம்மா முதலில் அழுதாள். பிறகு, "என்ன ஆளுக?" என்றாள்.

"கேக்கலம்மா."

"ஒன்றரை வருசமா பேசுறீங்க. அதைக்கூடக் கேக்காம என்னத்தடி பேசுனீங்க?"

"இங்கிலீஷ் பேசுனோம்."

"நல்லாப் பேசுனீங்க போ" என்று மூக்கைச் சிந்தினாள் வியாகுலமேரி. ஒரு வாரம் ஜெபமாலையும் கையுமாக இருந்துவிட்டு, ஒரு நாள் தானாகவே சொன்னாள். "ஞானஸ்நானம் வாங்குன பிள்ளையா இருக்கான்ல. அது போதும். எவனா இருந்தாலும் வரச் சொல்லு. எனக்கப்பறம் ஒனக்கு யாரு இருக்கா."

நேரில் பார்க்கும்வரை தமிழ் வேண்டாம், கடைசிவரை விதியைக் காப்பாற்றுவோம் என்று ஃபிரெடிதான் விளையாட்டாகச் சொல்லியிருந்தான். இன்று யாரிடமும் வழி கேட்காமல், தான் வரைந்த படத்தை நினைவில் வைத்தே அவள் சொன்ன தெருவில் நீலக் கேட்டைக் கண்டுபிடித்து வந்து நின்றான். அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும் சிரித்தான். "போய்த் தேத்தண்ணி போடு ஆத்தா" என்று அம்மா அவளை உள்ளே அனுப்பிவிட்டாள்.

இப்போது முன்னறையில் அம்மா தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அறிமுகம் இல்லாத ஆளைப் பிடித்து, நூல் பிடித்தாற்போல் போய், "அட, நீ நமக்கு மச்சான் முறைல்ல" என்று முடிப்பதில் வியாகுலமேரிக்கு நிகர் கிடையாது.

"பூர்வீகம் இங்கிட்டுன்னா, எந்த ஊருப்பா?"

"ஆவூருங்க. ஆனா அப்பா அங்க போகவே மாட்டாரு."

"ஆவூரா! அப்பா பேரு?"

"மரியசெல்வம்."

"தாத்தா பேரு?"

"தைரியநாதன்ங்க."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஷெரின் அணைத்தாள்.

"கெணத்துச் சண்டையில அண்ணனோட கோவிச்சுக்கிட்டுப் போன தைரியநாதனா?" அம்மாவின் குரல் கம்மியிருந்தது. "பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கடக்கரைப் பக்கம் போனவரு?"

"கெணத்துச் சண்டைன்னுதாங்க அப்பா சொல்லுவாரு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்பா, அந்த அண்ணன்தான்ப்பா எம் மாமனாரு, குழந்தைசாமி. சாகுறப்ப, எந் தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு வாசலைப் பாத்துக்கிட்டே உசிரை விட்டாரு."

ஷெரின் தேநீர்த் தட்டோடு நிலைப்படியில் வந்து நின்றபோது அம்மா எழுந்துபோய் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "அப்படியே எம் மாமனாரு நெத்தி" என்று அவன் நெற்றியைத் தடவினாள். அவன் ஒன்றும் புரியாமல் ஷெரினைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, அப்படின்னா..." என்றான் ஃபிரெடி.

"ஆன்ட்டி என்னப்பா ஆன்ட்டி? பெரியம்மான்னு கூப்புடு." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் வியாகுலமேரிக்கே உறைத்தது போலும். கையை எடுத்துக்கொண்டாள். மகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாதாவே. பங்காளிப் பிள்ளைகளா நீங்க? அண்ணன் தங்கச்சியால்ல இருக்கீங்க."

சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்துக்குக் கீழே எரிந்த சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஷெரின். வேறு சாதிக்காரனாக இருந்தால் அம்மா சம்மதித்திருப்பாள். வேறு மொழிக்காரனாக இருந்தாலும் அழுது முடித்துச் சம்மதித்திருப்பாள். எங்கேயோ தூர தேசத்தில் தேட வேண்டியவனைச் சொந்த வீட்டுக்குள்ளேயே தேடி எடுத்துவிட்டாளே பாவி மகள்.

"பங்குச் சாமியார்ட்ட கேட்டா இது தடை இல்லம்பாரு" என்றான் ஃபிரெடி. அவன் குரல் இழுத்தது. "தாத்தாங்கதான் அண்ணன் தம்பி. நாங்க ரெண்டு தலைமுறை தள்ளி."

"சாமியாரு பூசை வச்சு முடிச்சிட்டு பீடத்தை விட்டு இறங்கிப் போயிருவாரு தம்பி. பந்தியில ஒக்கார யாரு வருவா?" அம்மா கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலச் சொன்னாள். "இங்க ஒரு சாவு விழுந்தா ஒங்க வீட்டுல தலை முழுகணும். அப்படிப்பட்ட மொறை. இத்தனை வருசமா தெரியாம முழுகாம இருந்துட்டீங்க, அவ்வளவுதான். ஒங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. ஆவூருக்குச் சேந்து போவோம். எம் மாமனாரு கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்தட்டும். அது போதும் எனக்கு."

அப்பா தூரத்தில் நின்று அழுத தேர் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். தேநீரை எடுத்தான். ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

"அண்ணனை வாசல் வரைக்கும் விட்டுட்டு வா பாப்பா" என்றாள் அம்மா. அந்த வார்த்தையை அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான். மாடியில் உடைந்த மூடியோடு கறுப்புத் தொட்டி தெரிந்தது. அதையே நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழைய ஆங்கிலக் குரலில் மிகவும் மெதுவாகச் சொன்னான்.

"லெமன், அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நீ விடை சொன்னால், நான் திரும்ப உள்ளே போய் உன் அம்மாவிடம் பேசுகிறேன். என் அப்பாவிடமும் பேசுகிறேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் சரி."

மாடியில் காற்றோடு காற்றாக எவ்வளவு பேசியிருக்கிறாள். மழையைப் பற்றி, வார்டில் செத்துப்போன ஒரு பிள்ளையைப் பற்றி, தன் பயங்களைப் பற்றி. இருபது நிமிடம் முடிந்தும் நிறுத்தாமல் பேசிய நாட்கள் உண்டு. இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறான். அவள் வாயைத் திறந்தாள்.

உள்ளே அம்மா யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். "அக்கா, ஒரு அதிசயத்தைக் கேட்டியா? நம்ம தைரியநாதன் பேரன் வந்திருக்கான், வீடு தேடி" என்று அழுகையும் சிரிப்புமாக அந்தக் குரல் வாசலுக்கு வந்தது. ஷெரினின் நாக்கு, பரீட்சை அறையில் ஒட்டிக்கொண்டதுபோல, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவன் காத்திருந்தான்.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள்.

அவள் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் தமிழ் அதுதான். அவன் முகத்தில் கோபம் இல்லை. தலையை ஆட்டினான். "வாரேம்மா" என்றான், தங்கச்சிக்குச் சொல்வதுபோலவே. பப்பாளி மரத்தைத் தாண்டிப் போய் நீலக் கேட்டைத் திறந்து, வெளியே போய், அதைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அவன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஷெரின் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.