மிளகின் மேல் போட்ட பழி

பனியனில் அச்சுப் போட இசக்கிதுரையை விட்டால் கொச்சி மட்டாஞ்சேரியில் வேறு ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. ஆறு வருஷம் அவருக்கு முதலாளியாக இருந்து, அவருடைய கைவேலையை என் பெருமையாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் சொல்கிறேன். படம் வரைவது நான், அதைத் துணியில் ஏற்றுவது அவர். என் கோணல் மீன்கூட அவர் கையில் நேராக நீந்தும்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மீசை அரும்பும் முன்பே திருப்பூருக்குப் போய்ப் பனியன் அச்சுத் தொழில் கற்றவர். அங்கே மண்ணெண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துத் தயிர் போலக் கடைந்து, அதில்தான் சாயத்தைக் குழைப்பார்கள். அச்சு பளிச்சென்று விழும், சீக்கிரம் காயும். கடைபவனுக்குத் தலைவலியும் கண் எரிச்சலும் மிச்சம். அது பொறுக்காமல்தான் தொண்ணூற்றெட்டில் கொச்சிக்கு வந்தார்.

இரண்டாயிரத்து ஒன்றில் நான் பட்டறை தொடங்கினேன். பூச்சிமருந்து அடிக்காத பருத்தி, மண்ணெண்ணெய் கலக்காத சாயம், வேலை செய்கிறவர்கள் நிம்மதியாக மூச்சுவிடக்கூடிய இடம். இந்த மூன்றையும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் தொங்கவிட்டேன். இசக்கிக்கு வாசிக்கத் தெரிந்த தமிழில் போட எனக்குத் தோன்றவில்லை.

அந்த அட்டையை நம்பி வந்தவள் சுமா. அவள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. பிசிறு நூல் வெட்டி, துணி மடிக்கும் வேலை. சேரும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இங்கே மண்ணெண்ணெய் மணம் உண்டா அக்கா? அது பட்டா எனக்கு ஸ்வாசம் கிட்டாது." ஒரு துளிகூட வராது என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கணவன் பிஜு, பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மிளகு குடோனில் மூட்டை தூக்கினான். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த வேலை அது. ஒருமுறை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது.

இரண்டாயிரத்து மூன்றில் ஜூன் மழை பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு நானூறு டி-ஷர்ட் அனுப்ப வேண்டியிருந்தது. நான்கு நாள் தொங்கவிட்டும் அச்சு காயவில்லை.

"தொட்டா கையோட வருதுக்கா. இந்த மழையில இந்தச் சாயம் நிக்காது. ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றார் இசக்கி.

"அதெல்லாம் முடியாது. எப்படியாவது முடிச்சுக் குடுங்க" என்றேன் நான்.

எப்படியாவது என்ற அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த 'எப்படியாவது' ஒன்றுதான். எல்லாரும் வருவதற்கு முன்பே காலையில் வந்து மண்ணெண்ணெய் கடைந்தார். அச்சு பளபளத்தது. வாசத்தை மறைக்க, மடித்த கட்டுகளைக் குடோனில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாள் வைத்தார். ஈரம் வாங்காமல் இருக்க என்று அவர் சொல்ல, பிஜுவே தோளில் சுமந்து கொண்டுபோய் அடுக்கினான். சரக்கு போய்ச் சேர்ந்ததும், மிளகு மணம் பிரமாதம் என்று கடைக்காரர் எழுதினார். நான் தலைகால் புரியாமல் ஆடி, 'மட்டாஞ்சேரி மிளகின் மணத்துடன்' என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தேன். மழை விடாததால் அடுத்து வந்த சரக்குகளுக்கும் அவர் அதையே கடைந்தார். ஒரு காலை சீக்கிரம் வந்தபோது மண்ணெண்ணெய் வாசம் என் மூக்கிலும் ஏறியது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் நகர்ந்தேன்.

சுமாவுக்கு இருமல் தொடங்கியது. மழைக்காலத்தில் அவள் மூக்கு எப்போதும் அடைத்திருக்கும், வாசம் எதுவும் தெரியாது. மடிக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள்.

"எந்தாண்ணா இது? ரெண்டு வருஷமா இல்லாதது இப்போ எங்கேர்ந்து வந்தது?" என்று இசக்கியிடம் கேட்டாள்.

"மிளகுத் தூசிம்மா. உன் வீட்டுக்காரன் சட்டையோடயே வருதுல்லா" என்றார் அவர்.

தப்பிக்க நினைத்தவர் வாயில் சட்டென்று வந்தது அவ்வளவுதான். அவளோ அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். பிஜு முற்றத்துக் குழாயடியில் குளித்து, உடை மாற்றித்தான் உள்ளே வரவேண்டும் என்றானது. அப்படியும் இருமல் அடங்காததால் அவன் படுக்கை வராந்தாவுக்குப் போனது. கொட்டும் மழையில் சாரல் அடிக்கும் வராந்தா. டாக்டரும் தூசி ஆகாது என்றார். மண்ணெண்ணெய் பற்றி அவரிடம் சொல்ல அவளுக்கு என்ன தெரியும்?

இசக்கி எல்லாவற்றையும் பார்த்தார். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினார். ஆகஸ்டில் பிஜு குடோன் வேலையை விட்டான். அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டான். பிஜுவுக்குக் கிடைத்தது ஒப்பந்தக்காரரிடம் சாக்கடை ஓடை அள்ளும் வேலை.

பாழாய்ப்போன நேரம், அதே வாரம் வெயில் வந்தது. இசக்கி மண்ணெண்ணெயை நிறுத்தினார். பத்தே நாளில் சுமாவின் இருமல் நின்றது. மிளகுதான் காரணம் என்று எல்லாருக்கும் கல்லில் செதுக்கியது போல் உறுதியாகிவிட்டது.

அதன்பிறகு இசக்கி மழைக்காலத்தில் அச்சு மேஜையைத் தொடுவதே இல்லை. தாமதத்துக்காக நான் கத்துவேன். அவர் திட்டை வாங்கிக்கொண்டு துணி மடிக்கப் போவார். பிஜுவைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவன் விடுவானா? ஒவ்வொரு ஓணத்துக்கும் இரண்டு நாள் முன்பே நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்து நிற்பான். "அண்ணன் அன்னைக்குப் பறஞ்சதுனாலதான் இவ ஜீவனோட இருக்கா" என்று அவர் கையைப் பிடித்துக்கொள்வான். ஓடை அள்ளி வெடித்த கை அது. அவன் போனதும் இசக்கி அந்தப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிடுவார், ஒன்றுகூட வாயில் போடமாட்டார். இரண்டு ஓணம் நானும் சும்மா தின்றேன்.

மூன்றாவது ஓணத்தில் பொட்டலத்தை வைத்தவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். "நான் ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டேன்க்கா" என்று முழுவதையும் சொன்னார். பாதி எனக்குத் தெரிந்தது, மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க நானே பாடுபட்டது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? வாருங்கள், சுமாவிடம் சொல்வோம், அவள் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வோம் என்றேன்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபின் சொன்னோம். மண்ணெண்ணெய் கலந்ததை அவர் சொன்னார். வாசம் தெரிந்தும் கேட்காமல் போனதை நான் சொன்னேன். சுமா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"மழையில வெளியே கிடத்தினேனே அண்ணா. ரெண்டு மாசம். குளிருதுன்னு கதவத் தட்டினப்போ, மிளகோட உள்ளே வராதேன்னு சொன்னேன்" என்றாள்.

இசக்கி கீழே குனிந்து அவள் காலைத் தொடப் போனார். அவள் விலகினாள்.

"இன்னைக்கே பிஜுகிட்டயும் சொல்லிருதேன். அவன் என்னை வெட்டுனாலும் சரி" என்றார் அவர்.

"வேண்டாம்." அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "பிஜு சேட்டன் தினமும் ஓடையில இறங்கும்போது என்ன சொல்லும் தெரியுமா? என் சுமாவுக்கு ஸ்வாசம் வாங்கிக் குடுத்தேன்னு சொல்லும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த நாத்தத்துல நிக்குது. குடோன் வேலை ஒரு பொய்க்காகப் போச்சுன்னு அறிஞ்சா, நாளைக்கு எப்படி இறங்கும்? நீங்க சொன்னா உங்களுக்குப் பாரம் குறையும். அந்த மனுஷனுக்கு?"

கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள்.

சாயங்காலம் பிஜு அவளைக் கூட்டிப்போக வந்தான். வழக்கம்போல வாசலில் நின்று, "உள்ளே வரலாமா? இன்னைக்கு மிளகு ஒண்ணும் தொடல" என்று கேலி செய்தான். சுமா சிரித்தாள். "பரவாயில்ல, வா. மிளகு விட்டு எத்தனை நாளாச்சு, இனி ஒண்ணும் வராது" என்று சொல்லிக்கொண்டே அவன் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். அவன் இசக்கியைப் பார்த்துக் கையைத் தூக்கி, "வரட்டே அண்ணா" என்றான். அவர் அச்சு மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது காலையிலேயே துடைத்த மேஜை.