கண்ணாடிப் பெட்டிக்கு வந்த ரிவால்வர்

போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கிகளைக் கழற்றிப் பழுது பார்க்கிற வேலை.

போன வருஷம் அமராவதிபுதூரிலிருந்து மெய்யப்பன் போன் செய்தார். பூர்வீக வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறவர். அப்பாவை அப்பச்சி என்பது அவர்கள் வழக்கம்.

"அண்ணே, அப்பச்சி பீரோவ ஒழிக்கையில ஒரு ரிவால்வர் கெடச்சுச்சு. ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு பாத்துச் சொல்றீகளா? வரவேற்புல கண்ணாடிப் பொட்டியில வைக்கப்போறேன்."

"தொறந்து பாத்தீகளா?"

"தொறக்க வரல. துரு ஏறி இறுகிக் கெடக்கு. பயப்பட ஒண்ணுமில்லண்ணே."

யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் மனம் சரியில்லை.

உள்ளே நுழைந்தபோது முற்றத்தில் கல்யாண போட்டோ ஷூட் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சென்னைக்காரர். சிரித்துக்கொண்டே அந்த ரிவால்வரை மணப்பெண்ணின் நெற்றிக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"டிரிக்கர்லேருந்து விரல எடுங்க! கையத் தரைக்கு எறக்குங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"சார், இது வெறும் ஷோ பீஸ்," என்றார் மாப்பிள்ளை. கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

பேரலை ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிடியின் ரப்பரில் வெட்டிய கோடுகள் உள்ளங்கை பட்டுத் தேய்ந்திருந்தன. ஸ்க்ரூ எதிலும் கீறல் இல்லை, ஒருவரும் கழற்றியதில்லை. உலோகத்தில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. பாலிஷ் போட்டிருந்தால் அது மழுங்கியிருக்கும். பேரல், சிலிண்டர், பாடி மூன்றிலும் ஒரே நம்பர்.

பிறகு சிலிண்டரின் பின்பக்க இடுக்கைப் பார்த்தேன். அழுக்கேறிய பித்தளை விளிம்பு தெரிந்தது. தோட்டா.

"எல்லாரும் அங்குட்டுப் போங்க," என்றேன்.

தீயணைப்பு மணல் வாளிக்குள் பேரலை நுழைத்து, திறக்கும் நெம்புகோலில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எடுக்கவில்லை. மெல்ல அழுத்தியதும் துப்பாக்கி மடங்கித் திறந்து, மூன்று தோட்டாக்கள் எழும்பி வந்தன. இரண்டின் அடிவட்டம் கறுத்துச் சமமாக இருந்தது. மூன்றாவதில், கறுப்புக்கு நடுவே பளிச்சென்று ஒரு புதுக் குழி, துப்பாக்கியின் சுத்தி முனை குத்திய தடம்.

"டிரிக்கர இழுத்தீகளா?"

மாப்பிள்ளை முகம் வெளிறியது. "ஒரே ஒரு தடவை சார். 'டிக்'னு சத்தம் கேட்டுது."

"யாருக்கு நேரா பிடிச்சிருந்தப்போ?" அதைக் கேட்டது நான் இல்லை, மணப்பெண்.

அவர் தலை நிமிரவில்லை. அந்தப் பெண் பக்கத்துத் தூணைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டாவுக்குள் மருந்து பழசாகி நமத்துப்போயிருந்ததால்தான் அவள் பிழைத்தாள். யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

மெய்யப்பனுக்கு இப்போது வேறு பயம். "ஸ்டேஷனுக்குச் சொன்னா என்னையப் புடிச்சு உள்ள வச்சிருவாகளோ?"

"மறைச்சாத்தான் வம்பு. நானும் கூட நிக்கிறேன்."

ஸ்டேஷனுக்குப் போனில் தகவல் சொல்லி, போலீஸார் வரும்வரை வாளிப் பக்கத்திலேயே நின்றேன். இன்ஸ்பெக்டர் மெய்யப்பனைக் கடுமையாகத் திட்டினார். அப்பச்சியின் பழைய லைசென்ஸை விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு துப்பாக்கியை எடுத்துப் போனார்.

ஜீப் போன பிறகு மெய்யப்பன் மெதுவாகக் கேட்டார். "ஒரிஜினல்தானாண்ணே?"

"எல்லாமே ஒரிஜினல்தான். தோட்டாவும் சேத்து."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அன்று நானும் நம்பரையும் எழுத்தையும் பார்த்த பிறகுதான் தோட்டாவைப் பார்த்தேன். இப்போதெல்லாம் சிலிண்டர் காலி என்று தெரியும்வரை வேறு எதையும் பார்ப்பதில்லை.