நானாகச் சேர்த்த வரி

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் முதல் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. அந்தப் பாடத்தால் என் மாமாவின் விசா கேன்சலாகும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

அப்போது துபாயில் சத்வாவில், கீழே இரண்டு தையல் கடைகள் இருந்த பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஆபீசில் வேலை. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புகள் அவர் பொறுப்பில் இருந்தன. யாருக்கு எந்த ரூம், எந்த பஸ் என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் போகும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதே கம்பெனியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அவரை வரவழைத்ததே அப்பாதான். அல் கூஸ் கேம்ப்பில் ஒரு ரூமில் எட்டுப் பேரில் ஒருவராக மாமா தங்கியிருந்தார். சைட்டிலோ கேம்ப்பிலோ எதிர்ப்பட்டால் அப்பாவை "சார்" என்பார். வெள்ளிக்கிழமை லீவில் எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சார் போய் மச்சான் வந்துவிடும்.

மாமாவின் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. கதை கேட்கும் ஆசை நிற்கவில்லை. நான் இங்கிலீஷில் மனப்பாடம் செய்வதைக் கேட்டுவிட்டு, அதையெல்லாம் தமிழில் சொல் பார்ப்போம் என்று அம்மா ஒருநாள் அதட்டினாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு பிரெஞ்சுப் புரட்சியும் பரிமாறப்பட்டது. என் தமிழில் பாதி இங்கிலீஷ். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த நாட்டில் ஜனங்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள், முதலில் சாமியார்கள், அடுத்து பிரபுக்கள், மீதிப் பேர் எல்லோரும் தேர்ட் எஸ்டேட் என்று சொன்னேன். வரி கட்டுவது அந்த மூன்றாவது கூட்டம் மட்டும்தான் என்றதும் மாமா சாம்பாரை ஊற்றிக்கொண்டே நாமெல்லாம் எதில் சேர்த்தி என்று கேட்டார். தேர்ட் எஸ்டேட் என்றேன். மச்சான் எதில் என்றார். நான் அப்பாவைப் பார்த்து யோசித்துவிட்டு, அவரும் தேர்ட் எஸ்டேட்தான் என்றேன்.

"ஏசி ரூம்ல உக்காந்திருக்கற தேர்ட் எஸ்டேட்டு," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். அப்பா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அடுத்த வாரம், ராஜா சபையைக் கூட்டினார், சபைக்கு வர முடியாத ஜனங்கள் தங்கள் குறைகளை எழுதி ஆயிரக்கணக்கான கடிதங்களாகக் கொடுத்தனுப்பினார்கள் என்ற இடத்துக்கு வந்தோம். மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ராஜா அதையெல்லாம் வாங்கிக்கொண்டாரா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள் என்றார். அது என் புத்தகத்தில் இல்லை. யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நானே சொல்லிவைத்தேன்.

அதன்பின் ராஜாவின் தலையை வெட்டிய பகுதி வந்தது. அம்மா, ராஜாவையா, ராஜாவையா என்று கேட்டுக்கொண்டே கரண்டியோடு நின்றாள். ஒரு மெஷின் வைத்து, ஊரார் கூடி வேடிக்கை பார்க்க, பிறகு ராணியையும் என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று மாமா கேட்டார். இருந்தார்கள் என்றேன். அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

"அது வேண்டாத வேலை பாப்பா," என்றார் திரும்பி வந்து. "குறைய சொன்னது சரி. இது சரியில்ல."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஜூன் மாதம் வெயில் முற்றியது. மாமாவின் கேம்ப்புக்கு ஒரே ஒரு பஸ். டூட்டி முடிந்தவர்களை அது இரண்டு நடையாக அழைத்துப்போகும். இரண்டாவது நடைக்கு உள்ளவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிழலில்லாத ரோட்டோரத்தில் நிற்க வேண்டும். கேம்ப்புக்குப் போனால் குளிக்கத் தண்ணீர் தீர்ந்திருக்கும். மாமாவின் ரூமில் ஏசி வேலை செய்யாமல் ஒரு மாதம் ஆகியிருந்தது. இதையெல்லாம் அவர் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்த வெள்ளிக்கிழமை சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ஒருவர் பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு, சரியாக நடக்கக்கூட முடியாமல் மறுபடி டூட்டிக்கு வந்திருந்தார்.

அப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். மாமா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். அதன் பின்பக்கம் தமிழில் நான்கு குறைகள் எழுதியிருந்தன. இதை இங்கிலீஷில் எழுதித் தர முடியுமா என்று மெல்லிய குரலில் கேட்டார். அப்பாவிடம் சொல்லலாமே என்றேன்.

"மச்சான்கிட்ட மூணு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அவரும் மேல சொல்றாரு. மேல இருக்கறவங்க காதுல ஏறல. பாவம், அவர சங்கடப்படுத்த வேணாம். நாங்களே நேரா குடுத்துக்கறோம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் கிடைக்காத வேலை இது என்று தோன்றியது. புது நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மார்ஜின் போட்டு, நீல மையில் எழுதினேன். தலைப்பில் 'கேம்ப்பின் தேர்ட் எஸ்டேட்டாகிய நாங்கள்' என்று போட்டேன். பஸ், தண்ணீர், ஏசி, உடம்பு சரியில்லாதவருக்கு ஓய்வு என்று நான்கு குறைகளையும் நம்பர் போட்டு எழுதினேன். மாமா தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். தாளின் அடியில் இடம் மீதமிருந்தது. கட்டுரை என்றால் கடைசியில் பலமாக ஒரு வரி வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்வார். நான் எழுதினேன்: 'குறைகளைக் கேட்காத ராஜாவின் தலைக்கு என்ன ஆனது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

மாமா திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒருமுறை தமிழில் சொல்லச் சொன்னார். நான்கையும் சொன்னேன். கடைசியில் இது என்ன என்று விரலை வைத்துக் காட்டினார். முடிவுரை என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. நான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவரை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் என் கடிதத்தின் ஜெராக்ஸ் கிடந்தது. நான் எழுதிய பக்கத்தின் கீழே இருபத்திரண்டு கையெழுத்துகள், சில பெருவிரல் ரேகைகள்.

ராஜா படித்துவிட்டாரா என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

அப்பா கடைசி வரியின் கீழே விரலை வைத்தார். "இது மாமா சொல்லி எழுதினியா?"

"இல்லப்பா. அது நானே சேர்த்தது."

அப்பா விரலை எடுக்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப்பார்கள் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனேன். யாரும் அடிக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றி ஸ்கூலில், பஸ்ஸில், யாரிடமும், எப்போதும் பேசக்கூடாது என்று மட்டும் அப்பா சொன்னார். பிறகு, மாமாவுக்கு கேன்சல் போட்டாகிவிட்டது, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார் என்றார். தான்தான் பேப்பரில் கையெழுத்துப் போட்டதாகவும் அவரே சொன்னார்.

என் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. குறையைச் சொன்னவரை அனுப்புகிறார்கள், அனுப்பும் தாளில் என் அப்பாவின் கையெழுத்து. மூன்றாவது கூட்டத்தில் சேர்த்துக்கொண்டேனே, இவர் அங்கே இருக்கவேயில்லையா? "நீங்க ராஜா பக்கம்தாம்பா," என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டேன். அதன்பின் ஒரு வருடத்துக்கு அப்பாவோடு நான் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று காலை ஆபீசில் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது ஆறு வருடம் கழித்து. காலேஜ் லீவில் வந்திருந்த நான் ஏதோ வாக்குவாதத்தில் அப்பாவைக் கோழை என்றுவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். அப்பா முதல் வரியிலேயே அது என் கையெழுத்து என்று கண்டுகொண்டார். கடைசி வரிக்கு வந்தபோது எழுத்துகளே கண்ணுக்குத் தெரியவில்லையாம். பஸ், தண்ணீர் பற்றியெல்லாம் மேனேஜருக்குக் கோபமில்லை. இது கொலை மிரட்டல், போலீசுக்குப் போகப்போகிறேன் என்று போனைக் கையில் எடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டவர்களை அறைக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, எழுதியது யார் என்று கேட்டார். அவர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்லும் வேலை அப்பாவுக்கு. கடைசி வரியையும் தமிழில் சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார். அந்த நிமிஷம்தான் அதில் என்ன இருக்கிறது என்பது மாமாவுக்கே தெரிந்தது.

அப்பா மேனேஜர் பக்கம் திரும்பி, சார், இது என் மகள் எழுதியது என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். அதற்குள் மாமா வரிசையிலிருந்து முன்னால் வந்துவிட்டார். பார்க்கில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் தான் எழுதி வாங்கியதாகவும், அந்தக் கடைசி வரியும் தான் சொன்னதுதான் என்றும், மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னார். எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கிறதே என்றார் மேனேஜர். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்க சார்," என்றாராம்.

அப்பா அப்படியே சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் மேனேஜரிடம் மன்றாடி, போலீஸ் வேண்டாம், கேன்சல் போட்டு இந்த வாரமே அனுப்பிவிடலாம், பேப்பரை நானே முடித்துத் தருகிறேன் என்று சம்மதிக்க வைத்தார். என்னிடம் அவர் ஒப்புக்கொண்ட கையெழுத்து அந்தப் பேப்பரில் போட்டதுதான். என் வரிதான் மாமாவை அனுப்பியது என்று அப்பா என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இதைச் சொன்னபோதுகூட அம்மா, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

ஜூலையில் அந்தக் கேம்ப்புக்கு இரண்டாவது பஸ் விட்டார்கள். மாமாவுக்கு மூன்று வருடம் கழித்து மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அதுவரை ஊரில் அவர் பட்ட கஷ்டம் போனில் எங்களுக்கு எட்டவில்லை. எட்டாமல் பார்த்துக்கொண்டார்.

மாமா ஊருக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை கம்பெனி வண்டி அவரை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப்போகும் வழியில் எங்கள் வீட்டில் நின்றது. அப்பா டிரைவரிடம் கேட்டு ஏற்பாடு செய்திருந்தார். டிரைவர் மலையாளி, தமிழ் நன்றாகத் தெரிந்தவர். அம்மா ஊருக்குக் கட்டிவைத்திருந்த பெட்டியை எடுத்துப்போக மாடி ஏறி வந்து, திறந்திருந்த வாசலில் நின்றார். அம்மா அழுதுகொண்டே பரிமாறினாள். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். வழக்கம்போல் நன்றாகவே சாப்பிட்டார். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்தவர் என் பக்கத்தில் குனிந்தார்.

"பாப்பா, அந்த ஊர்ல ராஜாவுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாங்களே, அவங்க பேரெல்லாம் உன் புஸ்தகத்துல இருக்கா?"

பக்கம் பக்கமாக எனக்கு மனப்பாடம். "ஒருத்தர் பேரும் இல்ல மாமா," என்றேன்.

"இல்லையா?"

"இல்ல."

மாமா பெருமூச்சு விட்டார். "அப்படித்தான் இருக்கணும்," என்று என் தலையில் கை வைத்தார். பாவம், பெயர்கூட இல்லாமல் போய்விட்டதே என்று அவர் வருத்தப்படுவதாக எனக்குப் பட்டது. அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. நான் பெரியவளானதும் ஒரு புத்தகம் எழுதுவேன், நம் லெட்டரைப் பற்றி எழுதுவேன், சொன்னவர் என்று உங்கள் பெயரையும் எழுதியவர் என்று என் பெயரையும் முதல் பக்கத்திலேயே போடுவேன் என்று எழுந்து நின்று, வாசல்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

அப்பா விருட்டென்று எழுந்தார். பெட்டியை டிரைவரின் கையில் கொடுத்து, நீங்கள் கீழே போய் வண்டியை எடுங்கள், அவர் பின்னாலேயே வருவார் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

மாமா போவதைப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.